கான் சத்தம் நின்ற மத்தியானம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். வெளியே மழை கொட்டுகிறது. நான் மாடியில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது நாளாக விடாத மழை. கேகாலைப் பக்கத்து ஆள்களுக்கு இதெல்லாம் புதுசா என்ன?

ஆனாலும் ஏதோ ஒன்று சரியில்லை. என்னவென்று சொல்லத் தெரியவில்லை... வீட்டில் தினமும் பேசுகிற ஒரு ஆள் திடீரென்று பேசாமல் இருப்பது மாதிரி.

கோப்பையைக் கீழே வைத்த பிறகுதான் விளங்கியது. கான் சத்தம் இல்லை.

தோட்டத்து வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. டவுனில் இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். மலைச் சரிவில் விழுகிற மழைத் தண்ணீரைப் பிடித்து, ஓரமாய்க் கொண்டுபோய், பத்திரமாய்க் கீழே இறக்கிவிடுகிற வடிகால்தான் கான். வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டியது. எங்கள் கான் மேல் மலையில் தொடங்கி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தின் பின்பக்கமாக வந்து, என் வீட்டு மதிலை ஒட்டி இறங்கி, கீழே சிங்களக் கிராமத்து ஓடையில் போய் விழுகிறது. மழை வந்தால் போதும், அது போடுகிற சத்தத்தில் டிவி கேட்காது. என் மனைவி அதைத் திட்டாத மாரி காலம் கிடையாது.

அந்தக் கான், மூன்று நாள் மழைக்குள் வாயை மூடிக்கொண்டு கிடக்கிறது என்றால்... வானத்திலிருந்து விழுகிற தண்ணீரெல்லாம் எங்கே போகிறது?

எங்கே போகும்? மலைக்குள்தான்.

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நான் லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. மூன்றாம் வகுப்போடு ஸ்லேட்டை வைத்துவிட்டு ரப்பர் பால் வாளி தூக்கியவன். இன்றைக்கு மெயின் ரோட்டில் ஹார்ட்வெயார் கடை. பேங்க் மெனேஜர் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார். படித்தவர்கள் எழுதுகிற பேப்பரில், படிக்காத நான் வாரா வாரம் எழுதுகிறேன் — நீங்களும் வாசிக்கிறீர்கள். எந்த லயத்தில் பிறந்தேனோ அந்த லயத்துக்குக் கீழேயே மாடி வீடு கட்டினேன். தரைக்கு டைல்ஸ். படிக்கு ஸ்டீல் கைப்பிடி. லயத்து வாசலில் நின்று பார்த்தால் என் மொட்டை மாடி தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த இடத்தைப் பிடித்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

டைல்ஸ் பார்க்கக் கொழும்பு வரைக்கும் போனேன். தலைக்கு மேலே நிற்கிற மலையை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. கீழே கிராமத்தில் இருக்கிற குணதாச. என் வயதுதான். ஓடைக் கரையில் வயல் வைத்திருக்கிறான். போனை எடுத்தாலே முதலில் என்னைக் கேலி பண்ணாமல் பேச மாட்டான். அன்றைக்குக் கேலி இல்லை.

“முதலாளி, எலே வத்துற நெஹே னே” என்றான்.

ஓடையில் தண்ணீர் இல்லையாம். அடைமழை நாளில்.

இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புதான். அரநாயக்கப் பக்கம் மலை சரிந்து இறங்கின வருஷம், நானும் அவனும் ஒன்றாகத்தான் என் லொறியில் சாப்பாட்டுப் பார்சல் ஏற்றிக்கொண்டு போனோம். பார்சலை வாங்க ஆள் இருக்கும் என்று நினைத்துப் போனோம். அங்கே மண் இருந்தது. எது வீடு, எது ரோடு என்று காட்டுவதற்குக்கூட ஒன்றும் மிச்சம் இல்லாத மண். அதைப் பார்த்தவன் மழையை மறுபடி பழைய மாதிரி கேட்க மாட்டான்.

குடையை எடுத்துக்கொண்டு லயத்துக்கு ஏறினேன்.

லயத்தின் கடைசிக் காம்பரா, அதாவது கடைசி அறை, என் தங்கச்சி சரோஜாவுடையது. அவளுடைய சுவருக்குப் பின்னால்தான் கான் திரும்புகிறது. புருஷன் இல்லை, பிள்ளைகள் கொழும்பில். துணைக்கு ஒரு பசு மாடு, அதுவும் நிறைமாதம். தேயிலைக் கொழுந்து எடுக்கிற வேலையிலிருந்து பென்சன் வாங்கிவிட்டாள். வாய்க்கு இன்னும் பென்சன் கொடுக்கவில்லை.

“வாங்கண்ணே. என்னா இந்த மழையில? மாடி ஒழுகுதா?”

கான் ஏன் சத்தம் போடவில்லை என்று கேட்டேன். அவள் சந்தோஷமாகச் சொன்னாள். “அத ஏன் கேக்குறீங்க... மூணு நாளா நிம்மதியா தூங்குறேன்.”

பின்பக்கம் போய்ப் பார்த்தேன்.

கான் என்று ஒன்று அங்கே இல்லை. கான் இருந்த இடத்தில் குப்பை ஒரு அணைக்கட்டு மாதிரி எழும்பி நின்றது. ஷொப்பிங் பேக், பிள்ளைகளின் பம்பர்ஸ், யோகட் கப், நூடுல்ஸ் உறை, சோடாப் போத்தல், நடுவில் யாரோ தூக்கிப் போட்ட ஒரு மெத்தை. அதற்கு மேலே மண் படிந்து, மழை இல்லாத மாதங்களில் மண்ணுக்கு மேலே யாரோ வல்லாரை வேறு நட்டிருக்கிறார்கள்.

எங்கள் ஆள்களைக் குற்றம் சொல்வது லேசு. நாலு தலைமுறையாகக் கானில்தான் போட்டுப் பழக்கம். அந்தக் காலத்தில் போட்டது என்ன? அடுப்புச் சாம்பல், பலாத் தோல், பிழிந்த தேங்காய்ப் பூ. போட்ட சாயங்காலமே மழை கொண்டுபோய்விடும். இப்போதும் கை அதே கைதான். வீச்சும் அதே வீச்சுதான். கையில் இருக்கிற சாமான் மட்டும் மாறிவிட்டது... அதைக் கைக்கு யாரும் சொல்லவில்லை. லயத்தை மட்டும் சொல்வானேன்? மேலே ரோட்டு வளைவில் வேனை நிறுத்திப் பார்சல் சாப்பிடுகிற டவுன்காரர்களும், சாப்பிட்ட கையோடு உருட்டிவிடுவது இதே கானில்தான்.

பயம் அது இல்லை. பயம் அதற்கு மேலே இருந்தது.

அணைக்குப் பின்னால் செம்மண் நிறத்தில் ஒரு குளம். மழை அதில் விழுந்துகொண்டே இருக்கிறது. குளம் ஏறவும் இல்லை, வழியவும் இல்லை. அசையாமல் கிடக்கிறது. ஓரத்தில் புல்லுக்குள் ஒரு கோடு மாதிரித் தெரிந்தது. நிலம் வெடித்திருந்தது. குடையை மடக்கி அதன் நுனியை உள்ளே விட்டுப் பார்த்தேன். கைப்பிடி வரைக்கும் இறங்கியது.

குடையை வெளியே இழுத்து, விரிக்காமலே நடந்தேன்.

நேரே கோயில் மண்டபத்துக்குப் போனேன். மழைக்கு மலையில் வேலை இல்லை. ஆம்பிளைகள் எல்லாம் அங்கே கெரம் போட் ஆடிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துச் சங்கத் தலைவர் மாரிமுத்துவும் இருந்தான். நல்ல ஆள்தான், நியாயம் பேசுகிறவன். விஷயத்தைச் சொன்னேன். மம்பட்டியை எடுத்துக்கொண்டு உடனே வரச் சொன்னேன்.

“தொரைகிட்ட சொல்லியாச்சுங்க” என்றான் மாரிமுத்து. “கான் வெட்டுக்குப் பேர் கேட்டிருக்கோம். பேர் போட்டா நாளைக்கே எறங்கிடுவோம்.”

பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்கான வரவுப் பதிவு. தோட்டத்து மெனேஜரான தொரை பேர் போட்டால்தான் வேலை. பேர் இல்லாத வேலைக்கு மம்பட்டியைத் தொட மாட்டோம். அப்படித்தான் எங்கள் அப்பன் பாட்டன் எல்லாம் நின்று சண்டை பிடித்து, சும்மா வேலை வாங்குவதை நிறுத்தினார்கள்.

நான் யார்? மெயின் ரோட்டுக் கடைக்காரன் இல்லையா? நெஞ்சை நிமிர்த்தி, எல்லாருக்கும் நானே பேர் போடுகிறேன் என்று சொன்னேன்.

மண்டபமே சிரித்தது. “நீங்க யாருங்க பேர் போட?” என்று ஒருவன் கேட்டான். “எப்ப தொரை ஆனீங்க, சொல்லவே இல்ல?”

மாரிமுத்து சிரிக்கவில்லை. “பெரியவரே, கோவிச்சுக்காதீங்க. இன்னைக்கு நாங்களா வெட்டிட்டா, இனி கான் வேலை எங்க தலையிலதான்னு தொரை கைய கழுவிடுவாரு. நாளைக்குக் கூரைக்குத் தகரம் கேட்டாலும் அதே பதில்தான் வரும். அப்புறம் எங்களுக்காக நீங்க ஆபீஸுக்கு வந்து பேசுவீங்களா?”

அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. முட்டாள்தனம் பேசினால் திட்டிவிட்டுப் போகலாம். நியாயம் பேசிக்கொண்டே ஆள்கள் புதையப் போகிறார்களே...

கூரை தோட்டத்துடையது. சுவர் தோட்டத்துடையது. கான் தோட்டத்துடையது. கீழே குணதாசவுக்குக் காணி உறுதிப் பத்திரம் இருக்கிறது. எங்கள் ஆள்களுக்குக் காம்பரா நம்பர் இருக்கிறது. சொந்தம் இல்லாத வீட்டைச் சுற்றி இருக்கிற எதுவும் கண்ணுக்குச் சொந்தமாகத் தெரியாது. சரி, மலை இறங்கினால் மட்டும் யார் தலையில் இறங்கும்? தோட்டத்துத் தலையிலா?

இதை நான் கேட்பதற்குள், பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன ஒரு பொம்பிளை மண்டப வாசலில் வந்து நின்றாள். வாளியைக் கீழே வைத்தாள்.

மலை ஊற்றிலிருந்து குழாய் வைத்து இறக்கிய பீலி அது. எந்த மழைக்கும் கலங்காது. நான் பிறந்த நாளிலிருந்து கண்ணாடி மாதிரித் தண்ணீர்.

வாளியில் இருந்தது செங்கல் கரைத்தது மாதிரி இருந்தது.

கெரம் நின்றுவிட்டது. மாரிமுத்து குனிந்து, வாளிக்குள் விரலை விட்டு, அடியில் நின்ற மண்ணை எடுத்துத் தேய்த்துப் பார்த்தான். “மேல் மலை மண்ணு. மலை உள்ளுக்குள்ள கரையுது” என்றான். அதற்குப் பிறகு பேரைப் பற்றி யாரும் பேசவில்லை. கானைப் பற்றியும் பேசவில்லை. பிள்ளைகளைத் தூக்கு, கிழடுகளைக் கூப்பிடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போ... அவ்வளவுதான். மாரிமுத்து காம்பரா காம்பராவாகக் கதவைத் தட்டிக்கொண்டு ஓடினான்.

சரோஜா மட்டும் வரமாட்டேன் என்றாள்.

தொழுவத்தில் மாட்டுக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மாடு படுக்கவில்லை. தீனியைத் தொடவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு நின்றது.

“இது நெறமாசம்ணே. பள்ளிக்கூடத்துக்குள்ள மாட்ட விடுவாங்களா? இத விட்டுட்டு நான் மட்டும் போய்ப் பாய்ல படுக்கவா?”

அதட்டினேன். அவளுக்கு நான் செய்ததை எல்லாம் சொல்லிக் காட்டினேன். என் சொல்லுக்கு டவுனே எழுந்து நிற்கிறது, நீ யார் என்று கேட்டேன்.

“கடைக்குத்தான் நீங்க மொதலாளி” என்றாள். “எனக்கு அண்ணன். சத்தம் போடாதீங்க, மாடு மெரளுது.”

சத்தம் போட்டால் நடக்காத காரியத்துக்கு என்ன செய்வது என்று நான் கற்றுக்கொண்டதே இல்லை. அவள் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். தகரத்தில் மழை விழுகிறது. சுவருக்குப் பின்னால் கான் இருக்கிறது... சத்தமே இல்லை. அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது.

“சரோஜா” என்றேன். “எனக்குப் பயமா இருக்கு புள்ள.”

அவள் திரும்பி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து என் வாயில் அவள் கேட்காத சொல் அது. அப்பா செத்த அன்றைக்கும் சொன்னதில்லை. கடையில் நெருப்புப் பிடித்த அன்றைக்கும் சொன்னதில்லை.

ஒரு கேலியும் பண்ணவில்லை. எழுந்து மாட்டுக் கயிற்றை அவிழ்த்தாள்.

வழுக்குகிற படியில் நிறைமாத மாட்டை இறக்குவது எப்படி என்று கேட்காதீர்கள். முன்னால் அவள், பின்னால் நான். என் வீட்டு வாசலில் மனைவி பேக்கோடு நின்றாள். மாடி வீட்டைப் பூட்டினேன். ஆசையாய் வாங்கிய பெரிய பூட்டு. பூட்டும்போதே தோன்றியது, மலை வந்தால் என்னிடம் சாவி கேட்டா உள்ளே போகும்? ஓடைக்கு அந்தக் கரையில் குணதாச தன் மாட்டைத் தள்ளிக் கட்டிவிட்டு, இடம் செய்து, வைக்கோலும் போட்டு வைத்திருந்தான். நாங்கள் கேட்கவே இல்லை. ஓடையைத் தாண்டும்போது சரோஜாவுக்குச் சேலைகூட நனையவில்லை. அவ்வளவு மழையில்... கணுக்கால் அளவுக்கும் தண்ணீர் இல்லாத ஓடை.

அன்றைக்கு மலை இறங்கவில்லை.

மறுநாள் மழை விட்டது. கிராம சேவகரோடு மண்சரிவு பார்க்கிற ஆபீஸர் வந்தார். வெடிப்பைப் பார்த்தார், டேப் பிடித்தார், முகத்தைச் சுருக்கினார். இன்னும் சில நாள் யாரும் மேலே படுக்கக் கூடாது; வெயில் இருக்கும்போது, அவர் காட்டுகிற பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கானைத் திறக்கலாம் என்றார்.

குணதாச தன் கிராமத்து ஆள்கள் கொஞ்சப் பேரைக் கூட்டிக்கொண்டு மம்பட்டியோடு வந்துவிட்டான். அவர்களுக்கு இது சிரமதானம். பன்சலைக்கு, அதாவது அவர்கள் விகாரைக்குச் செய்வார்கள், குளத்துக்குச் செய்வார்கள், யாரும் பேர் போடுவதில்லை. எங்கள் ஆள்கள் கரையில் நின்று பார்த்தார்கள். மாரிமுத்து கொஞ்ச நேரம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சாரத்தை மடித்துக் கட்டினான்.

“பேர் விஷயத்தை அப்புறம் தொரைகிட்ட பேசிக்குவோம்” என்று சொல்லிவிட்டு இறங்கினான். அவன் இறங்கினதும் லயமே இறங்கியது.

நானும் இறங்கினேன். இந்த வயதிலும் மம்பட்டி பிடித்தால் பெடியன்கள் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும் — அன்றைக்கும் நின்றார்கள்.

மெத்தையை இழுத்ததும் அதன் அடியிலிருந்து மஞ்சள் பைகள் வந்தன. ஒன்று, இரண்டு இல்லை, கொத்துக் கொத்தாக. சரோஜா ஒன்றை எடுத்து, சேற்றைத் துடைத்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி விரித்துக் காட்டினாள். என் கடைப் பை. அதில் என் படம். கடை திறந்த வருஷம் கலரில் அடித்தது.

“அண்ணே, மீசை நல்லா விழுந்திருக்கு” என்றாள்.

தமிழிலும் சிங்களத்திலும் சிரித்தார்கள். நான் அந்தப் பையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மண்ணுக்குள் இத்தனை காலம் கிடந்தும் ஒரு கிழிசல் இல்லை, சாயம் போகவில்லை. நல்ல சாமான் என்று பார்த்துத்தான் வாங்கினேன். நான் போன பிறகும், என் பேரப் பிள்ளைகள் போன பிறகும், இந்த மலைக்குள் என் முகம் இப்படியே சிரித்துக்கொண்டு கிடந்திருக்கும். அதை நினைத்தபோது வெடிப்பைப் பார்த்ததைவிடப் பயமாக இருந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு ஒரு சத்தம் கேட்டது. முதலில் தொண்டையைச் செருமுவது மாதிரி. பிறகு கான் பழையபடி கத்தியது. கீழே பார்க்க ஓடிய குணதாச ஓடைக் கரையிலிருந்து, தண்ணீர் வந்துவிட்டது என்று கையை ஆட்டினான். என் மனைவி அழுதாள். அந்தச் சத்தத்தைத்தான் இத்தனை வருஷமாகத் திட்டினாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் கான் சுத்தம் பண்ணுகிறோம். கிராமத்து ஆள்கள் கீழேயிருந்து வருகிறார்கள், நாங்கள் மேலேயிருந்து இறங்குகிறோம். நடுவில் என் வீட்டு வாசலில் எல்லாருக்கும் டீ. ஒவ்வொரு காம்பரா வாசலிலும் ஒரு உரச் சாக்கு தொங்குகிறது — பொலித்தீனும் போத்தலும் அதற்குள்தான். என் லொறி டவுனுக்குப் போகும்போது ஏற்றிக்கொண்டு போகிறது. மாரிமுத்து ஞாயிறு மம்பட்டி பிடிக்கிறான். திங்கள் ஆபீஸுக்குப் போய்ப் பேர் கேட்கிறான். இரண்டையும் விடாமல் செய்கிறான். செய்யட்டும். இரண்டும் வேண்டியதுதான்.

என் கடையில் பை கிடையாது. சீமெந்து வாங்க வருகிறவன் சாக்குக் கொண்டு வரட்டும். ஆணி கேட்டால் பழைய பேப்பரில் மடித்துக் கொடுக்கிறோம். அநேகமாக இந்தப் பத்தி வருகிற பக்கம்தான். கௌரவம் குறைந்துபோச்சு என்று சில கஸ்டமர்கள் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். போகட்டும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வெடிப்பு அங்கேயேதான் இருக்கிறது. ஆபீஸர் அதன் இரண்டு பக்கமும் குச்சி நட்டு நூல் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். நூல் அறுந்தால் ஓடுங்கள் என்றிருக்கிறார். வேறு இடத்தில் வீடு தருவதாகச் சொல்கிறார்கள். தருகிற வரைக்கும் எங்கே போவது? லயத்து ஆள்கள் திரும்பி வந்துவிட்டார்கள். சரோஜாவும் வந்துவிட்டாள், கன்றுக்குட்டியோடு. அது குணதாச தொழுவத்தில் பிறந்தது. சிங்களத்தில் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறது என்று அவளுக்குக் கோபம்.

நானும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். மழை வந்தால் டிவியை நிறுத்திவிடுகிறோம். சத்தத்தைக் கேட்பதற்கு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் மழைதான். கான் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது... கேட்கிறதா? கொஞ்சம் இருங்கள், ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறேன்.